நீண்ட ஆயுள்: வருமானம் மட்டும் போதுமா?

1970–75ஆம் ஆண்டுகளில் கர்நாடகத்தில் பிறந்த ஒரு குழந்தை சராசரியாக 55 ஆண்டுகள் வாழும் என எதிர்பார்க்கப்பட்டது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைக்குக் கணக்கிடப்பட்ட ஆயுள் 50 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. நாட்டின் சராசரியும் ஏறத்தாழ அதுவே. கேரளம் 62 ஆண்டுகளுடன் அன்றே தனித்து நின்றது. 2016–20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவு முறைக் கணக்கைப் பார்த்தால் வரிசை மாறியிருக்கிறது. கேரளம் 75, தமிழ்நாடு 73, கர்நாடகம் ஏறத்தாழ 70. நாட்டின் சராசரியும் 70தான். ஒரு காலத்தில் தேசிய சராசரியைவிட ஐந்தாண்டுகள் முன்னே சென்றுகொண்டிருந்த கர்நாடகம் இன்று சராசரியோடு சேர்ந்து நடக்கிறது. சராசரியில் நின்ற தமிழ்நாடு அதைத் தாண்டிச் சென்றிருக்கிறது.

இந்த இடைக்காலத்தில் கர்நாடகம் ஏழையாகிவிடவில்லை. விமானத் தொழிற்சாலையும் விண்வெளி ஆய்வுத் தலைமையகமும் மென்பொருள் நிறுவனங்களும் நிறைந்த பெங்களூரு நாட்டின் மிகச் செழிப்பான நகரங்களுள் ஒன்றாக வளர்ந்தது. அண்மை ஆண்டுகளில் தலைவீத வருமானத்தில் கர்நாடகம் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் விஞ்சி நிற்கிறது. அவ்வாறிருந்தும் ஆயுளில் பின்தங்கியது ஏன்? சில நாடுகளின் மக்கள் மற்ற நாட்டவரைவிட நீண்ட காலம் வாழ்வது ஏன் என்னும் பெரிய வினாவுக்கும் இந்தச் சிறிய வினாவுக்கும் விடை ஏறத்தாழ ஒன்றே. வருமானம் ஆயுளுக்கு வழி திறக்கிறது. ஆனால் தூய நீரும் மருத்துவ உதவியும் தாயின் கல்வியும் கடைசிக் கிராமம் வரை சென்று சேர்ந்த இடத்தில்தான் ஆயுள் நீள்கிறது.

சராசரி ஆயுள் என்பது என்ன?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவது நலம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகள் என்று படிக்கும் மாணவர், அந்நாளில் முப்பத்திரண்டு வயதில் மனிதர்கள் முதுமையடைந்து மாண்டனர் என எண்ணிக்கொள்வதுண்டு. அது சரியன்று. பத்துக் குழந்தைகள் பிறக்கின்றன என்று கொள்வோம். மூன்று குழந்தைகள் பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிட, எஞ்சிய ஏழு பேரும் அறுபது வயது வரை வாழ்கின்றனர். பத்துப் பேரின் சராசரி ஆயுள் 42. ஆனால் அந்தப் பத்துப் பேரில் நாற்பத்திரண்டாம் வயதில் இறந்தவர் எவருமில்லை. அக்காலத்திலும் நம் ஊர்களில் தாத்தாக்களும் பாட்டிகளும் இருந்தனர். தொட்டில்கள் வெறுமையானதே சராசரியைத் தாழ்த்தியது.

ஆகவே ஒரு நாட்டின் சராசரி ஆயுள் முப்பதிலிருந்து அறுபதுக்கு உயரும்போது, அந்த உயர்வின் பெரும் பகுதி குழந்தைகள் பிழைப்பதால் வருவது. 1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தவை இந்தியாவில் 129, தமிழ்நாட்டில் 113, கர்நாடகத்தில் 95, கேரளத்தில் 58. 2020இல் இவை முறையே 28, 13, 19, 6 ஆகக் குறைந்தன. கர்நாடகமும் தமிழ்நாடும் இடம் மாறிக்கொண்டதை இந்த எண்களிலேயே காணலாம்.

பஞ்சம், பிளேக், குடிநீர்

பெங்களூருவின் பழைய வரலாறு இதற்கு நல்ல முன்னுரை. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் மைசூர் சமஸ்தானம் சிதைந்தது. 1871இல் 50 இலட்சத்தைத் தாண்டியிருந்த அதன் மக்கட்தொகை 1881இல் ஏறத்தாழ 42 இலட்சமாகக் குறைந்திருந்தது. பத்தாண்டுகளில் மக்கட்தொகை கூடாமல் குறைவது என்பது இன்று நம்மால் கற்பனை செய்யவும் இயலாத ஒன்று. அக்காலத்தில் நகரத்தாரின் தாகம் தீர்த்தவை தர்மாம்புதி, சம்பங்கி, அல்சூர் போன்ற ஏரிகளும் கிணறுகளுமே. அவற்றில் தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பேகௌடா பேருந்து நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாகிவிட்டது. குளிப்பதற்கும் துவைப்பதற்கும் குடிப்பதற்கும் ஒரே ஏரி என்ற நிலையில் காலராவும் வயிற்றுப்போக்கும் ஆண்டுதோறும் தம் பங்கை எடுத்துக்கொள்ளத் தவறவில்லை. திவான் சேஷாத்ரி ஐயரின் காலத்தில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியாக நீர் கொணரும் திட்டம் வகுக்கப்பட்டு, 1896இல் நகரத்துக்கு அந்நீர் வரத் தொடங்கியது. பின்னர் 1933இல் திப்பகொண்டனஹள்ளித் திட்டமும் 1974இல் காவிரித் திட்டத்தின் முதற் கட்டமும் வந்தன. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி, காவிரி நீர் இந்நகருக்கு வருகிறது.

1898 ஆகஸ்டில் இரயில் வழியாகப் பிளேக் நோய் பெங்களூருவை வந்தடைந்தது. நெருக்கமான பேட்டைத் தெருக்களில் எலிகளோடு எலிகளாக மக்களும் மடிந்தனர். பலர் ஊரைவிட்டே ஓடினர். கோயில்களில் பிளேக் மாரியம்மன் என்று அம்மனுக்கே புதுப் பெயர் சூட்டப்பட்டது. அக்கோயில்களிற் சில இன்றும் உள்ளன. பிளேக்குக்குப் பின் அகன்ற தெருக்களும் காற்றோட்டமும் கொண்ட பசவனகுடி, மல்லேஸ்வரம் ஆகிய புதுக் குடியிருப்புகள் வேகம் பெற்றன. 1900இல் விக்டோரியா மருத்துவமனை திறக்கப்பட்டது. இவற்றிற் பெரும்பாலானவை நோய்க்கு மருந்து கண்டுபிடித்ததால் நிகழ்ந்தவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பிளேக்கைக் குணப்படுத்தும் மருந்துகள் அதற்கு நாற்பதாண்டுகள் கழித்தே கைக்கு வந்தன. வீடும் தெருவும் சாக்கடையும் முதலில் மாறின. ஐரோப்பாவிலும் அவ்வாறே, இலண்டனிலும் பாரிசிலும் ஆயுள் நீளத் தொடங்கியது பெனிசிலினுக்கு முன்பே.

பணக்கார நாடுகளும் பணமில்லாத நாடுகளும்

1975இல் சாமுவேல் பிரெஸ்டன் என்னும் மக்கட்தொகை அறிஞர் நாடுகளின் வருமானத்தையும் ஆயுளையும் ஒரே படத்தில் வரைந்து காட்டினார். மிகவும் வறிய நிலையிலிருந்து சற்றே முன்னேறும்போது ஆயுள் வேகமாக உயர்கிறது. அதன்பின் வருமானம் எவ்வளவு பெருகினாலும் ஆயுள் மெல்லவே ஏறுகிறது. இதைவிடச் சுவையானது அவரது இரண்டாவது முடிவு. அதே வருமானத்துக்கு 1930களில் கிடைத்த ஆயுளைவிட 1960களில் பல ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. அந்த முப்பதாண்டுகளில் உலகில் ஆயுள் உயர்ந்ததில் வருமான வளர்ச்சியின் பங்கு 10 முதல் 25 சதவீதம் வரையே என்று அவர் மதிப்பிட்டார். எஞ்சியது அறிவும் பொதுச் சுகாதார ஏற்பாடும் தந்த பரிசு.

இதற்கு நமக்கு மிக அருகில் உள்ள சான்று இலங்கை. 1934–35இல் மலேரியா அத்தீவில் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்டது. 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு விகிதம் அடுத்த ஆண்டே 14 ஆக வீழ்ந்தது. டி.டி.டி. மருந்து தெளித்ததே காரணம் என்று அக்காலத்தில் பலரும் எழுதினர். மலேரியா இல்லாத மாவட்டங்களிலும் இறப்பு குறைந்திருந்ததைச் சுட்டிக்காட்டி, மருத்துவமனைகளும் மருத்துவச்சிகளும் உணவுப் பங்கீடும் செய்த பணியை வேறு சிலர் எடுத்துக் கூறினர். இரண்டிலும் உண்மை உண்டு. 1931 முதல் அனைவருக்கும் வாக்குரிமை, 1945 முதல் இலவசக் கல்வி, எளிதில் நடந்து செல்லும் தொலைவில் மருந்தகம் என்ற மூன்றும் சேர்ந்த நாட்டில், மருந்து தெளிக்க வருபவருக்குக் கதவு திறப்பவர்களும் இருந்தார்கள். இன்று இலங்கையின் சராசரி ஆயுள் 77 ஆண்டுகளை எட்டியுள்ளது.

மறுபுறம், மருத்துவத்துக்காக உலகிலேயே மிக அதிகமாகச் செலவிடும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2023இல் ஆயுள் 78 ஆண்டுகளுக்குச் சற்று மேல். அமெரிக்கரின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே பெறும் கோஸ்டா ரிகா நாட்டவர் அவர்களைவிடச் சற்று நீண்ட காலம் வாழ்கின்றனர். ஜப்பானில் ஆயுள் 84 ஆண்டுகளுக்கும் மேல். எண்ணெய் வளம் கொழிக்கும் நைஜீரியாவில் அது 55ஐ எட்டவில்லை. பெற்ற ஆயுளை இழப்பதும் உண்டு. சோவியத் ஒன்றியம் சிதறிய பின் 1994இல் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 58 ஆண்டுகளுக்கும் கீழே சரிந்தது.

இருமலுடன் வந்தவர்கள்

உணவா, மருந்தா, எது ஆயுளைக் கூட்டுகிறது என்பது அறிஞர்களிடையே பழைய வழக்கு. இவ்வழக்கில் தென்னிந்தியா அளித்த சாட்சியம் உலகப் புகழ் பெற்றது. சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச் சிகிச்சை மையம், ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் நல்லுணவும் ஓய்வும் தரும் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர்கள் நெருக்கடியான தம் வீடுகளிலேயே, குறைந்த உணவை உண்டுகொண்டு, அதே மாத்திரைகளை விழுங்கினர். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்கச் செய்தது. இரு பிரிவினரும் ஏறத்தாழச் சமமாகவே குணமடைந்தனர். நோயாளியின் ஏழ்மையைப் போக்கும் வரை காத்திராமல் அவர் உயிரைக் காக்க இயலும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

ஆயினும் மாத்திரை நோயாளியைச் சென்றடைய வேண்டுமே! இந்த வினாவை எடுத்துக்கொண்டது பெங்களூருவில் 1959இல் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களுக்குச் சென்று, காசநோய் கண்டவர்களிடம் அவர்கள் என்ன செய்தார்கள் என்று விசாரித்தனர். கிராமத்தாருக்கு நோயைப் பற்றிய அறிவில்லை, அவர்கள் மருத்துவரை நாடுவதில்லை என்பது அந்நாளைய அலுவலக நம்பிக்கை. கண்டறியப்பட்டதோ வேறு. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தம் அறிகுறிகளை உணர்ந்தே இருந்தனர். ஏறத்தாழப் பாதிப் பேர் மருத்துவமனைப் படியேறியும் இருந்தனர். அங்கே சளி பரிசோதிக்கப்படவில்லை. இருமல் மருந்து ஒரு புட்டி கொடுத்து அனுப்பப்பட்டனர். 1963இல் வெளியான இந்த ஆய்வை, சுகாதாரத் துறையில் பணியேற்கும் ஒவ்வோர் அலுவலரும் முதல் வாரத்திலேயே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டதன் விலை என்ன? அதே நிறுவனம் 1961 முதல் 1968 வரை பெங்களூரு மாவட்டத்தின் 119 கிராமங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தது. முறையான சிகிச்சை வசதி கிராமங்களை எட்டாத காலம் அது. சளியில் கிருமியுடன் கண்டறியப்பட்டவர்களில் ஐந்தாண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்துவிட்டனர். மூன்றில் ஒரு பங்கினர் தாமாகவே குணமடைந்தனர். எஞ்சியோர் கிருமியைப் பரப்பியபடி வாழ்ந்துகொண்டிருந்தனர். மாத்திரை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது, அதன் விலையும் மிகையன்று, பொது மருத்துவமனைகளும் இருந்தன. இவற்றை இணைக்கும் ஏற்பாடே இல்லாதிருந்தது. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், தனிச் சானடோரியங்களை நம்பாமல் சாதாரண மருத்துவமனைகளிலேயே சளிப் பரிசோதனையையும் சிகிச்சையையும் வைத்தது இந்தப் பெங்களூரு ஆய்வுகளின் பயனே.

பள்ளி சென்ற மருமகள்

1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் கால்டுவெல், பெங்களூரு மக்கட்தொகை மையத்தைச் சேர்ந்த பி.எச். ரெட்டி ஆகியோர் தென் கர்நாடகக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்தனர். படித்த தாயின் குழந்தை ஏன் அதிகமாகப் பிழைக்கிறது என்பது அவர்களுடைய வினாக்களுள் ஒன்று. படித்த தாயின் கணவனுக்கு வருமானம் அதிகம் என்பது மட்டும் விடையாகவில்லை. ஒரே ஊர், ஒரே மருந்தகம், ஒத்த வசதி இருந்தும் வேறுபாடு தெரிந்தது. பள்ளி சென்ற மருமகள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மாமியாரின் முடிவுக்குக் காத்திருப்பதில்லை. மருத்துவரிடம் கேள்வி கேட்கிறாள். முதல் மருந்தில் நோய் தீராவிடில் மீண்டும் செல்கிறாள். வீட்டில் சோறு பரிமாறும்போது சிறுமிக்கும் சிறுவனுக்கும் நிகராக இடுகிறாள். அவள் பாடப் புத்தகத்தில் உடல்நூல் கற்றாளா என்பது இங்கே பெரிதன்று. மருந்தகமும் பள்ளியும் தனக்குரியவை என்ற எண்ணம் அவளுக்கு வந்துவிட்டது என்பதே செய்தி.

கேரளத்தின் கதையும் இதுவே. ஆனால் அதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. 1956இல் மாநிலம் அமைந்தபோது சென்னை மாகாணத்திலிருந்து வந்த மலபார், திருவிதாங்கூரைவிட மிகவும் பின்தங்கியிருந்தது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் அங்கே முனைந்து திறக்கப்பட்டு, சில பத்தாண்டுகளில் அந்த இடைவெளி பெருமளவு மூடப்பட்டது. அதே 1956இல் பழைய மைசூரோடு ஐதராபாத் நிஜாம் ஆட்சிப் பகுதியின் கன்னட மாவட்டங்களும் சேர்க்கப்பட்டன. இவ்விடைவெளி இன்றும் மூடவில்லை. 2011 கணக்கெடுப்பில் பெங்களூரு நகர மாவட்டத்தில் எழுத்தறிவு 88 சதவீதம். யாதகிரி மாவட்டத்தில் 52 சதவீதம். பொருளியலறிஞர் டி.எம். நஞ்சுண்டப்பா தலைமையிலான குழு 2002இல் அளித்த அறிக்கை, மாநிலத்தின் 175 தாலுகாக்களில் 114ஐப் பின்தங்கியவை எனக் குறித்தது. பிற்பாடு அரசியல் சட்டத்தில் 371ஜெ பிரிவு சேர்க்கப்பட்டு வடகிழக்கு மாவட்டங்களுக்குத் தனிச் சலுகைகள் தரப்பட்டன. பெங்களூருவின் வருமானம் மாநிலச் சராசரியை உயர்த்திக் காட்டுகிறது. ஆயுளின் சராசரியை யாதகிரியும் இராய்ச்சூரும் கீழே இழுக்கின்றன. ஒருவர் பத்து மடங்கு வருமானம் பெறலாம், பத்து மடங்கு ஆயுள் பெற இயலாது. எனவே சிலரது செல்வம் வருமானச் சராசரியை உயர்த்துவதுபோல ஆயுட் சராசரியை உயர்த்துவதில்லை.

தமிழ்நாடு செய்தது என்ன?

தமிழ்நாட்டின் முன்னேற்றத்துக்கு ஒற்றைக் காரணம் தேடுவோர் சத்துணவுத் திட்டத்தைக் கூறுவர். 1956இல் தொடங்கிய மதிய உணவும், அதை 1982இல் பெரிதாக விரிவாக்கியதும் சிறுமிகளைப் பள்ளிக்கு அழைத்து வந்ததில் பெரும் பங்கு பெறும். கர்நாடகத்தில் அட்சர தாசோகா என்னும் பள்ளி உணவுத் திட்டம் 2001–02இல்தான் தொடங்கிற்று. ஆனால் அதிகம் வெளியில் தெரியாத வேறு இரண்டு ஏற்பாடுகளுக்கு நாம் கூடுதல் மதிப்பெண் தருவோம். ஒன்று, பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் அதற்கெனப் பயின்ற அலுவலர் அணியும். 1920களில் சென்னை மாகாணத்தில் உருவான இந்த அமைப்பு, 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் வலிமையோடு, இன்றும் தனித்து இயங்குகிறது. பல மாநிலங்களில் இப்பிரிவு மருத்துவப் பிரிவோடு இணைக்கப்பட்டுவிட்டது. நோய் வந்தபின் பார்ப்பவரும் வராமல் காப்பவரும் ஒரே துறையில் இருந்தால், வரிசையில் நிற்கும் நோயாளிக்கே நேரமும் பணமும் செல்வது இயல்பு. மற்றது, 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்ததால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவது குறைந்தது. பின்னர் அந்நிலையங்களில் முறை மாற்றிப் பணிபுரியச் செவிலியர் நியமிக்கப்பட்டு, இரவிலும் பிரசவம் பார்க்க வழி செய்யப்பட்டது. பிரசவ வலி அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை அன்றோ!

நாற்பதுக்குப் பின்

கேரளமும் தமிழ்நாடும் இனிக் குழந்தைகளைக் காப்பதனால் பெறக்கூடிய ஆண்டுகள் சொற்பமே. பணக்கார நாடுகளில் 1970களுக்குப் பின் கூடிய ஆயுளின் பெரும் பகுதி நடுவயதினரும் முதியோரும் பிழைத்ததால் வந்தது: இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, புகைப்பழக்கம் குறைந்தமை, சாலைப் பாதுகாப்பு, மாரடைப்புக்கு உடனடிச் சிகிச்சை. ஜப்பானியர் உப்பைக் குறைத்து, இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, பக்கவாத மரணத்தைப் பெரிதும் தாழ்த்தினர். கர்நாடகத்துக்கோ இரட்டைச் சுமை. யாதகிரியில் தாய் சேய் நலம் இன்னும் முடியாத பணி; பெங்களூருவில் நீரிழிவும் இதயநோயும் முன்னமே வாசலில் நிற்கின்றன.

இந்த இரண்டாம் கட்டத்துக்குத் தேவையான முதல் கருவி, யார் எதனால் இறக்கின்றனர் என்ற கணக்கு. பெங்களூரு கித்வாய் புற்றுநோய் நிறுவனத்தில் 1982 முதல் நகரத்துப் புற்றுநோயாளிகளின் பதிவேடு தொடர்ந்து பேணப்படுகிறது. நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட இத்தகைய பதிவேடுகளுள் அதுவும் ஒன்று. அதைப் போன்ற பதிவு மற்ற நோய்களுக்கு அரிது. 2020இல் நாட்டில் பதிவான மரணங்களில் 22 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டவற்றுக்கே மரணக் காரணத்தை மருத்துவர் சான்றளித்திருந்தார். எஞ்சியவற்றில் நெஞ்சுவலி, முதுமை, காய்ச்சல் என்று உறவினர் கூறுவதற்கு மேல் நம்மிடம் எதுவுமில்லை. தும்கூரில் சளியைச் சோதிக்காமல் இருமல் மருந்து கொடுத்தனுப்பிய அந்நாளைய மருந்தகத்துக்கும், காரணம் எழுதப்படாத இந்நாளைய இறப்புப் பதிவேட்டுக்கும் இடையே உள்ள தொலைவு அதிகமில்லை. மருத்துவமனை மரணம் ஒவ்வொன்றிலும் காரணத்தை உரிய படிவத்தில் எழுதவும், வீட்டில் நிகழும் மரணத்தைச் சுகாதாரப் பணியாளர் விசாரித்துக் குறிக்கவும் முன்னரே விதிகளும் முறைகளும் உள்ளன. இவற்றுக்குப் புதிய சட்டமோ பெருந்தொகையோ வேண்டியதில்லை. தாலுகா அலுவலகத்திலேயே தொடங்கக்கூடிய பணி இது.